பி.இ. 12 என்றால் பாதி விலையா? சிப் இயந்திர நிறுவனங்களின் பங்குகளை ஒப்பிடும் முறை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள உணவுக்கடைகளில் மதிய வேளையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால், பங்குச் சந்தைப் பேச்சு காதில் விழாமல் போகாது. "பக்கத்தில் மெஷின் செய்கிறார்களே, அந்த கம்பெனி பி.இ. 12க்குத்தான் போகிறது. மற்றதெல்லாம் 24. பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று ஒருவர் சொல்வார், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் ஆலை தொடங்கிய காலம் முதல் இன்றுவரை தமிழர்கள் பலர் இந்த ஆலைகளில் ஆப்பரேட்டர்களாகவும் டெக்னீஷியன்களாகவும் பொறியாளர்களாகவும் உழைத்து வருகிறார்கள். இயந்திரத்தைப் பற்றி அவர்களுக்குப் பாடம் நடத்த யாராலும் முடியாது. ஆனால் ஓர் இயந்திரத்தை அறிவது வேறு. அதைச் செய்யும் நிறுவனத்தின் பங்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அறிவது வேறு.

மேலே சொன்ன அந்தப் பேச்சைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பி.இ. என்பது ஒரு நிறுவனத்தின் விலை அதன் ஓராண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் எண்; விளக்கம் பின்னர் வரும். எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இங்கே சொல்லப்படவில்லை. கணக்குக் காட்டுவதற்காக வரும் நிறுவனம் கற்பனையானது. பெயர் சொல்லி வரும் நிறுவனங்கள் அவை செய்யும் தொழிலை விளக்குவதற்காக மட்டுமே வருகின்றன.

பங்கின் விலை எதையும் சொல்லாது

முதலில் ஒரு சிறிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 80 சென்னுக்கு விற்கும் பங்கு மலிவு, 6 ரிங்கிட்டுக்கு விற்கும் பங்கு விலை அதிகம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு பாத்திரம் பாயசத்தைப் பத்துக் கிண்ணத்தில் ஊற்றினாலும் முப்பது கிண்ணத்தில் ஊற்றினாலும் பாயசத்தின் அளவு மாறுவதில்லை. கிண்ணத்துக்கு வரும் பங்குதான் குறைகிறது. நிறுவனங்கள் போனஸ் பங்கு வழங்கும்போதும் பங்கைப் பிரிக்கும்போதும் நடப்பது இதுதான். ஆகவே பார்க்க வேண்டியது பாத்திரத்தை, அதாவது ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகையை. இதற்குச் சந்தை மதிப்பு என்று பெயர். 1.50 ரிங்கிட் விலையில் 400 மில்லியன் பங்குகள் இருந்தால், அந்த நிறுவனத்துக்குச் சந்தை இன்று வைத்திருக்கும் மொத்த விலை 600 மில்லியன் ரிங்கிட்.

டுரியான் தோட்டமும் பி.இ. விகிதமும்

பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 6 லட்சம் ரிங்கிட். செலவெல்லாம் போக ஆண்டுக்கு 50,000 ரிங்கிட் கையில் நிற்கிறது என்கிறார் உரிமையாளர். போட்ட பணம் 12 ஆண்டுகளில் திரும்பி வரும். இந்த 12தான் பி.இ. விகிதம்: சந்தை மதிப்பை ஓராண்டின் நிகர லாபத்தால் வகுத்தால் வருவது. நிகர லாபம் என்பது சம்பளம், மூலப்பொருள், வட்டி, வரி அனைத்தும் கழித்தபின் பங்குதாரர்களுக்கு மிஞ்சும் தொகை.

பக்கத்துத் தோட்டம் இதே கணக்கில் 24 ஆண்டு விலைக்குப் போயிருக்கிறது. அப்படியானால் முதல் தோட்டம் பாதி விலையா? டுரியான் தெரிந்த எவரும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த 50,000 எந்தப் பருவத்துக் கணக்கு என்று கேட்பார்கள். மழை தவறிப் பூ உதிர்ந்த ஆண்டில் எவ்வளவு வந்தது? பக்கத்துத் தோட்டத்தில் இருப்பது விலை உயர்ந்த முசாங் கிங்கா, சாதாரணக் கம்போங் டுரியானா? மரங்களின் வயது என்ன? பழம் முழுவதையும் ஒரே மொத்த வியாபாரி எடுத்துக்கொள்கிறாரா? நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா? தோட்டம் வாங்கும்போது இயல்பாகக் கேட்கும் இந்தக் கேள்விகளைப் பங்கு வாங்கும்போது நாம் கேட்பதில்லை. சிப் இயந்திரத் தொழிலில் இவற்றுள் முதல் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. அதனால் அதை முதலில் விரிவாகப் பார்ப்போம்.

கிரைண்டர் விற்பவரின் கதை

திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் மாவு அரைக்கப் பத்து கிரைண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாண்டு உழைக்கும். எனவே ஆண்டுக்கு ஒன்று பழுதாகிப் புதிதாக வாங்கப்படுகிறது. கிரைண்டர் விற்பவருக்கு இவரிடமிருந்து ஆண்டுக்கு ஓர் ஆர்டர் நிச்சயம்.

ஓராண்டில் விருந்துகள் 10 விழுக்காடு கூடுகின்றன. இப்போது 11 கிரைண்டர்கள் தேவை. பழுதானதற்கு ஒன்று, கூடுதல் தேவைக்கு ஒன்று என இரண்டு வாங்குகிறார். சமையல்காரரின் தொழில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தது. கிரைண்டர் விற்பவரின் வியாபாரமோ இரண்டு மடங்கானது. மறு ஆண்டு விருந்துகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சமையல்காரருக்கு எந்தக் கவலையும் இல்லை. ஆனால் அவர் வாங்குவது மறுபடி ஒரே ஒரு கிரைண்டர். தேவை துளியும் குறையாத நிலையிலேயே விற்பவரின் வியாபாரம் பாதியாகிவிட்டது. மூன்றாம் ஆண்டு விருந்துகள் சற்றுக் குறைந்து பத்து கிரைண்டரே போதும் என்றால், பழுதான ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு எதையும் வாங்க மாட்டார். விற்பவருக்கு ஆர்டர் பூச்சியம்.

சிப் உற்பத்தி செய்யும் ஆலைதான் அந்தச் சமையல்காரர். இயந்திர நிறுவனம் கிரைண்டர் விற்பவர். சிப்புகளின் தேவை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதே இயந்திர விற்பனையைத் தீர்மானிக்கிறது. "உலகத்தில் சிப் இல்லாமல் எதுவும் ஓடாது, அதனால் இந்தத் தொழில் படுக்காது" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். சிப் இல்லாமல் எதுவும் ஓடாது என்பது உண்மை. ஆயினும் இயந்திரத் தொழில் படுக்கும், எழும், மறுபடி படுக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தொழில் சுழற்சி என்று பெயர்.

உண்மை எண்கள் கிரைண்டர் கணக்கைவிடக் கடுமையானவை. இத்தொழிலின் உலகளாவிய சங்கமான செமி வெளியிட்ட கணக்கின்படி, சிப் இயந்திரங்களின் உலக விற்பனை 2008இல் சுமார் 29.5 பில்லியன் அமெரிக்க டாலர், 2009இல் 15.9 பில்லியனாகச் சரிந்தது, 2010இல் 39.5 பில்லியனாக எழுந்தது. ஓராண்டில் கிட்டத்தட்டப் பாதி போய், மறு ஆண்டில் இரண்டரை மடங்கு வந்தது. அண்மைக்காலத்தில் வீச்சு குறைந்திருக்கிறது: 2020இல் 71.2 பில்லியன், 2021இல் 102.6 பில்லியன், 2022இல் 107.6 பில்லியன், 2023இல் 106.3 பில்லியன், 2024இல் 117.1 பில்லியன். ஆனால் இது உலகத்தின் மொத்தக் கணக்கு. மொத்தம் அசையாமல் நின்ற 2023இலும்கூட, சோதனை இயந்திரம் செய்யும் சிறிய நிறுவனமொன்றுக்கு ஆர்டர் பாதியாகக் குறைந்திருக்கக்கூடும்.

விற்பனை ஏறி இறங்குவதைவிட லாபம் இன்னும் வேகமாக ஏறி இறங்கும். 100 ரிங்கிட் விற்பனையில் 50 ரிங்கிட் பொருள் செலவு, 30 ரிங்கிட் பொறியாளர் சம்பளமும் வாடகையும், 20 ரிங்கிட் லாபம் என்று கொள்வோம். விற்பனை 80ஆகக் குறைந்தால் பொருள் செலவு 40ஆகக் குறையும். சம்பளமும் வாடகையும் 30இலேயே நிற்கும். லாபம் 10. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபோது லாபம் பாதியாகிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பி.இ. என்பது சந்தை மதிப்பை ஓராண்டு லாபத்தால் வகுப்பது. இந்தத் தொழிலில் ஓராண்டு லாபம் என்பது நல்ல பருவத்துக் கணக்காகவோ கெட்ட பருவத்துக் கணக்காகவோ இருக்கும், நடுத்தரமாக இருப்பது அரிது.

குறைந்த பி.இ. ஏன் அபாய அறிவிப்பாகலாம்

ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டு நிகர லாபம் 30, 40, 100, 60, 20 மில்லியன் ரிங்கிட். சராசரி 50. மூன்றாம் ஆண்டு உச்சத்தில் சந்தை மதிப்பு 1,000 மில்லியன் என்றால் பி.இ. 10. பார்ப்பதற்கு மிக மலிவு. ஐந்தாம் ஆண்டில் சந்தை மதிப்பு 700 மில்லியனாகச் சரிந்துவிட்டது. லாபம் 20 மட்டுமே என்பதால் பி.இ. 35. பார்ப்பதற்கு மிக விலை. ஆனால் சராசரி லாபமான 50ஐ வைத்து வகுத்துப் பாருங்கள்: உச்சத்தில் வாங்கியவர் 20 மடங்கு கொடுத்திருக்கிறார்; பள்ளத்தில் வாங்கியவர் 14 மடங்கு மட்டுமே கொடுத்திருக்கிறார். பி.இ. தாழ்ந்து நின்றபோதுதான் பங்கு விலை மிகுந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. உச்ச லாபம் நீடிக்காது என்று சந்தையில் போதுமான பேர் நினைக்கும்போது, லாபம் ஏறும் அளவுக்கு விலையை ஏற்ற அவர்கள் மறுக்கிறார்கள், அதனால் பி.இ. தாழ்கிறது. அதை நாம் கண்டுபிடித்த மலிவு என்று எண்ணி உள்ளே போகிறோம். நானும் ஒருமுறை அப்படிப் போனவன்தான். பி.இ. 11 என்று ஒரு பங்கை வாங்கினேன். ஒரு வருடம் கழித்துப் பங்கின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, பி.இ.யோ 26ஆக உயர்ந்திருந்தது. விலை குறைந்தும் விகிதம் ஏறியதைக் கண்ட அன்றுதான் வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைக் கவனிக்கக் கற்றேன்.

இதற்குத் தீர்வாகச் சுழற்சியின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வளர்ந்து வரும் நிறுவனத்துக்குப் பழைய ஆண்டுகளின் லாபத் தொகையை அப்படியே சராசரி செய்வது அநியாயம். ஐந்தாண்டுக்கு முன் அது சிறு பட்டறையாக இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, விற்பனையில் எத்தனை விழுக்காடு லாபமாக நின்றது என்பதை ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சராசரி செய்து, அந்த விழுக்காட்டை இன்றைய விற்பனையின்மேல் வைத்துப் பார்ப்பது மேல். இப்படிக் கிடைக்கும் தொகையை இயல்பு லாபம் என்று இக்கட்டுரையில் அழைப்போம். இன்றைய விற்பனையே உச்சத்தில் இருந்தால் இந்த முறையும் சற்று ஏமாற்றும். ஆயினும் கடைசி ஓராண்டு லாபத்தைவிட எவ்வளவோ நம்பகமானது.

யாரோடு யாரை ஒப்பிடுவது?

"மற்றதெல்லாம் 24" என்றாரே நம் நண்பர், அந்த "மற்றது" யார்? ஒப்பீட்டின் பாதி வேலை இதற்கு விடை சொல்வதில் முடிந்துவிடும்.

சிப் தயாரிப்பை இரு பெரும் கட்டங்களாகப் பிரிக்கலாம். சிலிக்கான் வேஃபர் என்ற மெல்லிய தட்டின்மேல் மின்சுற்றுகளை உருவாக்குவது முன்கட்டம். அந்த வேஃபரைத் தனித்தனிச் சிப்புகளாக வெட்டி, உறையில் பொதிந்து, சோதித்து அனுப்புவது பின்கட்டம். பினாங்கு பெயர் பெற்றது பின்கட்டத்தில். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல், அமெரிக்காவின் அப்ளைட் மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், கேஎல்ஏ, ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரான் ஆகியவை பெரும்பாலும் முன்கட்ட இயந்திரங்களைச் செய்கின்றன. அட்வான்டெஸ்ட், டெராடைன் ஆகியவை சோதனை இயந்திரங்களுக்கும், பீஸி, குலிக்கே அண்ட் சோஃபா ஆகியவை பொதியும் இயந்திரங்களுக்கும் பெயர் பெற்றவை. மிக நுண்ணிய சிப்புகளுக்கான அதிதீவிரப் புற ஊதா ஒளி (இயுவி) இயந்திரத்தை உலகத்திலேயே ஏஎஸ்எம்எல் மட்டும்தான் விற்கிறது. போட்டியே இல்லாத அந்த நிறுவனத்தின் பி.இ.யை, பத்துப் போட்டியாளர்களோடு மோதும் ஒரு சிறு நிறுவனத்துக்கு அளவுகோலாக வைப்பது, முசாங் கிங் விலையைக் கம்போங் டுரியானுக்குக் கேட்பது போன்றது.

உள்ளூரிலும் இதே குழப்பம். மலேசியப் பங்குச் சந்தையில் தொழில்நுட்பத் துறை என்ற ஒரே பெயர்ப் பலகையின் கீழ் விட்ரோக்ஸ், இனாரி, ஃபிராண்ட்கென் ஆகிய மூன்றும் நிற்கின்றன. விட்ரோக்ஸ் கேமராக் கண்ணால் சிப்புகளையும் மின்பலகைகளையும் பரிசோதிக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. இனாரி சிப்புகளைப் பொதிந்து சோதித்துத் தரும் நிறுவனம். அதாவது நம் கதையில் அது கிரைண்டர் விற்பவர் அல்ல, சமையல்காரர். ஃபிராண்ட்கென் சிப் ஆலைகளின் இயந்திரப் பாகங்களைத் துல்லியமாகச் சுத்தம் செய்து தருகிறது. ஆலை ஓடும்வரை பாகங்கள் அழுக்காகும், வேலை வந்துகொண்டே இருக்கும். மூன்றின் வருவாயும் மூன்று வெவ்வேறு தாளத்தில் அசைகிறது. இவற்றின் பி.இ.களைக் கூட்டி வகுத்துத் துறைச் சராசரி என்று சொல்வதால் கிடைப்பது ஓர் எண் மட்டுமே, அளவுகோல் அல்ல. இன்னொன்று கிரேடெக், அதுவும் பினாங்கின் தானியங்கி இயந்திர நிறுவனம்தான், ஆனால் அதன் வளர்ச்சியில் சூரிய மின்தகடு செய்யும் வாடிக்கையாளருக்குப் பெரும் பங்குண்டு. இயந்திரம் செய்கிறது என்பதற்காக அதைச் சிப் சுழற்சியோடு கட்டிவிட முடியாது.

ஆகவே ஒப்பீட்டு நிறுவனம் என்று ஏற்க மூன்று பொருத்தங்கள் பார்க்கலாம்: ஒரே கட்டத்தில் இயந்திரம் விற்க வேண்டும், ஒத்த வகை வாடிக்கையாளரிடம் விற்க வேண்டும், அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கக் கூடாது. இப்படிச் சலித்தால் மூன்று நான்கு நிறுவனங்களே மிஞ்சும். அத்தனை சிறிய கூட்டத்தில் சராசரி எடுப்பது ஆபத்து, ஏனெனில் லாபம் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு நிறுவனத்தின் பி.இ. 90 என்று வந்து சராசரியை இழுத்துவிடும். நட்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கோ பி.இ.யே கிடையாது, அது கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிடும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பதே நல்லது.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். டோக்கியோ எலக்ட்ரானின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, லாம், கேஎல்ஏ இரண்டுக்கும் ஜூனில், அப்ளைடுக்கு அக்டோபரில். ஒன்றின் ஏற்றக் காலத்தையும் மற்றொன்றின் இறக்கக் காலத்தையும் ஒரே ஆண்டு என்ற பெயரில் ஒப்பிடாமல் இருக்க, எல்லா நிறுவனங்களுக்கும் கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டி எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை வெளியிட வேண்டும் என்பதால் இந்தக் கூட்டல் யாருக்கும் கைகூடும்.

சந்தை மாறினாலும் விலை மாறும் என்பதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. பென்டாமாஸ்டர் நிறுவனத்தின் துணை நிறுவனம் 2018இல் ஹாங்காங் சந்தையில் பட்டியலிடப்பட்டது. தாய் நிறுவனம் கோலாலம்பூரில், அதன் இயந்திரத் தொழிலைத் தாங்கி நின்ற துணை நிறுவனம் ஹாங்காங்கில். தொழில் ஒன்றே, இரு சந்தைகளும் அதற்கு ஒரே மதிப்பீட்டைத் தரவில்லை. மலேசியச் சந்தையில் நல்ல தொழில்நுட்பப் பங்குகள் சில மட்டுமே; அவற்றை வாங்கக் காத்திருக்கும் பெரிய நிதிகளோ பல. அந்தத் தட்டுப்பாடே ஒரு கூடுதல் விலையைச் சேர்க்கிறது என்பது என் கணிப்பு. வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பிட்டு "இங்கே விலை அதிகம்" என்றோ "அங்கே மலிவு" என்றோ சொல்லும்போது இதை மறக்கக் கூடாது.

லாபத்தைத் துலக்குதல்

ஒப்பிடும் நிறுவனங்களைத் தேர்ந்தபின், வகுக்கும் எண்ணான நிகர லாபத்தைத் துலக்க வேண்டும். மலேசிய இயந்திர நிறுவனங்களில் இரண்டு கறைகள் அடிக்கடி காணப்படும்.

ஒன்று வரிச்சலுகை. முன்னோடித் தகுதி என்ற சலுகை பெற்ற நிறுவனத்துக்குச் சில ஆண்டுகள் வருமான வரியில் முழு விலக்கோ பெரும் விலக்கோ கிடைக்கும். அது முடிந்ததும் வழக்கமான 24 விழுக்காடு வரி வந்து நிற்கும். வரிக்கு முன் 100 மில்லியன் லாபம், சந்தை மதிப்பு 2,000 மில்லியன் என்றால், சலுகைக் காலத்தில் பி.இ. 20. சலுகை முடிந்த மறுநாள், ஒரு திருகாணிகூட மாறாத அதே தொழிற்சாலையில், லாபம் 76 மில்லியன், பி.இ. 26க்கு மேல். சலுகை எப்போது முடிகிறது என்பதை ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பில் தேடலாம்.

மற்றொன்று நாணய மாற்று. இயந்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் விற்கப்படுகின்றன. சம்பளம் ரிங்கிட்டில் கொடுக்கப்படுகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. 10 மில்லியன் டாலர் வருவாய் முதல் கணக்கில் 48 மில்லியன் ரிங்கிட், இரண்டாவதில் 41.2 மில்லியன். இயந்திரம் அதே, உழைப்பு அதே. லாபத்தில் நாணய ஆதாயம் எவ்வளவு என்று காலாண்டு அறிக்கையின் குறிப்புகளில் இருக்கும். அதைக் கழித்துவிட்டு வகுப்பதே முறை.

கையில் இருக்கும் ரொக்கம்

ஒரே சந்தை மதிப்புள்ள இரு நிறுவனங்கள். ஒன்றிடம் 250 மில்லியன் ரொக்கமும் 50 மில்லியன் கடனும். மற்றதிடம் 20 மில்லியன் ரொக்கமும் 220 மில்லியன் கடனும். சந்தை மதிப்பு இரண்டுக்கும் 1,000 மில்லியன் என்றால், கடனைக் கூட்டி ரொக்கத்தைக் கழித்தபின் முதல் நிறுவனத்தின் தொழிலுக்கு நாம் கொடுக்கும் விலை 800 மில்லியன், இரண்டாவதுக்கு 1,200 மில்லியன். இந்த எண்ணுக்கு நிறுவன மதிப்பு என்று பெயர். வீடு வாங்கும்போது அலமாரியில் நகை இருந்தால் அதைக் கழிப்பதும் வங்கிக் கடன் இருந்தால் கூட்டுவதும் போல.

ஆனால் இயந்திரத் தொழிலில் அலமாரியில் இருக்கும் நகை எல்லாம் வீட்டுக்காரருடையது அல்ல. ஆர்டர் கொடுக்கும்போதே வாடிக்கையாளர் முன்பணம் கட்டுவது இங்கு வழக்கம். அந்தப் பணம் ரொக்கத்தில் தெரியும். இயந்திரத்தை இனிமேல்தான் செய்து கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் ஒப்பந்தப் பொறுப்பு என்ற வரியில் இது பதிவாகியிருக்கும். ரொக்கத்திலிருந்து அதைக் கழித்த பிறகே மீதியை நம்பலாம். அதே வரிக்கு இன்னொரு பயனும் உண்டு: அது காலாண்டுக்குக் காலாண்டு வளர்ந்தால் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது என்றும், சுருங்கினால் வரத்து மெலிகிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். விற்பனை எண் நேற்றைய கதையைச் சொல்லும். முன்பணம் நாளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்.

சுருக்கமாக: ஒப்பீட்டு நிறுவனங்களைச் சலித்து எடுத்தோம், லாபத்திலிருந்து தற்காலிக ஆதாயங்களை நீக்கினோம், சந்தை மதிப்பிலிருந்து உண்மையான ரொக்கத்தைக் கழித்தோம். இவை எல்லாம் செய்தபின்னும் ஒரு பங்கு மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால், அந்தத் தாழ்வுக்கு நியாயமான காரணம் உண்டா என்பதே மிஞ்சும் கேள்வி.

தள்ளுபடிக்குக் காரணம் இருக்கலாம்

பெரும்பாலும் முதல் காரணம், ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது. மொத்த வருவாயில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் தரும் வாடிக்கையாளர்களிடமிருந்து எவ்வளவு வருகிறது என்பதை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் விதி. பெயரை மறைத்து "வாடிக்கையாளர் அ" என்று போட்டிருப்பார்கள், ஆனால் தொகை இருக்கும். அந்த ஒருவர் விரிவாக்கத்தை ஓராண்டு தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று கிரைண்டர் கதையை நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, விற்றபின் வரும் வருவாய். அப்ளைட் மெட்டீரியல்ஸ் 2024 நிதியாண்டில் ஈட்டிய 27 பில்லியன் டாலரில் 6 பில்லியனுக்கும் மேல் ஏற்கெனவே விற்ற இயந்திரங்களுக்கான சேவையிலிருந்தும் உதிரிப் பாகங்களிலிருந்தும் வந்தது. புதிய ஆர்டர் நின்றாலும் பழைய இயந்திரம் ஓடும்வரை இந்த வருவாய் நிற்காது. இப்படி ஒரு தாங்குதூண் இல்லாத சிறு நிறுவனத்துக்குச் சந்தை குறைந்த விகிதம் கொடுப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆலையில் வேலை பார்ப்பவருக்கு, எந்த இயந்திர நிறுவனத்துக்கு ஆர்டர் போகப்போகிறது என்பது வெளியே தெரியும் முன்பே தெரிய வாய்ப்புண்டு. பொதுவில் வெளியாகாத, பங்கின் விலையை அசைக்கக்கூடிய தகவலை வைத்துப் பங்கு வாங்குவதும் விற்பதும் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டத்தின்படி குற்றம். அது ஆய்வு என்ற பெயரில் அடங்காது.

மதிய உணவுப் பேச்சின் கணக்கு

இப்போது நம் நண்பர் சொன்ன பங்குக்கு வருவோம். சந்தை மதிப்பு 600 மில்லியன், கடந்த ஆண்டின் நிகர லாபம் 50 மில்லியன், பி.இ. 12. மற்றவை 24.

அந்த 24இல் பொதியும் நிறுவனம் ஒன்றும், பாகம் சுத்தம் செய்யும் நிறுவனம் ஒன்றும், சூரிய மின்தகட்டுக்கு இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றும் கலந்திருக்கின்றன. அவற்றை நீக்கினால் மூன்று பின்கட்ட இயந்திர நிறுவனங்கள் மிஞ்சுகின்றன; நடுவில் இருப்பதன் பி.இ. 20. ஏற்கெனவே இடைவெளி சுருங்கத் தொடங்கிவிட்டது.

50 மில்லியன் ரிங்கிட் லாபத்தில் 6 மில்லியன் ரிங்கிட், டாலரின் மதிப்பு ஏறியதால் வந்த ஆதாயம். மீதி 44. நிறுவனம் வரியே கட்டவில்லை. சலுகை அடுத்த ஆண்டோடு முடிகிறது. 24 விழுக்காடு வரியைக் கழித்தால் 33.4 மில்லியன். பி.இ. 18. ஒப்பிடும் மூன்றும் முழு வரி கட்டுகின்றன.

விற்பனை 200 மில்லியன். அதில் 44 என்பது 22 விழுக்காடு. முந்தைய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக 16 விழுக்காடுதான் நின்றிருக்கிறது. 200இல் 16 விழுக்காடு 32. வரி போக 24.3 மில்லியன் இயல்பு லாபம். ரொக்கம் 100 மில்லியன், கடன் இல்லை. ஆனால் அதில் 40 மில்லியன் வாடிக்கையாளர் கட்டிய முன்பணம். 600இலிருந்து 60ஐக் கழித்தால் நிறுவன மதிப்பு 540. இயல்பு லாபத்தால் வகுத்தால் 22.2 மடங்கு.

ஒப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதே கணக்கை ஒன்றுவிடாமல் செய்ய வேண்டும். நம் பங்கை மட்டும் சல்லடையில் போட்டுவிட்டு மற்றவற்றை மேலோட்டமாக விட்டால் ஒப்பீடு தலைகீழாகிவிடும். அவையும் இப்போது இயல்புக்கு மேலான லாபத்தில் இருக்கின்றன என்பதால், அவற்றின் நடு எண் 20இலிருந்து 26க்கு ஏறுகிறது. 26க்கு எதிரே 22.2. பாதி விலை என்று தொடங்கிய பேச்சு, சுமார் 15 விழுக்காட்டுத் தள்ளுபடியில் வந்து நிற்கிறது.

ஆண்டறிக்கையைப் புரட்டினால், வருவாயில் 60 விழுக்காடு வாடிக்கையாளர் அ என்ற ஒருவரிடமிருந்து வருகிறது. மற்ற மூன்றில் எதற்கும் ஒரே வாடிக்கையாளர் 25 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அந்த ஒருவர் அடுத்த ஆண்டும் இயந்திரம் வாங்குவார் என்று நம்புவதற்கு நம் நண்பரிடம் ஏதேனும் ஆதாரம் இருந்தால், 15 விழுக்காடு பேச வேண்டிய தள்ளுபடி. இல்லையென்றால், சந்தை அந்த ஆபத்துக்கு விலையை ஏற்கெனவே போட்டுவிட்டது. அவர் கையில் இருப்பது சரியான விலையில் விற்கும் ஒரு பங்கு.